நேரம் வைத்துப் படிப்பதும் இடைவேளை எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினொரு ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்திவருகிறேன். சாதாரண தரப் பரீட்சையும் உயர் தரப் பரீட்சையும் எழுதும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டப்படிப்புப் படிக்கும் சிலரும் அண்மைக் காலமாக வருகிறார்கள். எல்லோருக்கும் இருக்கும் முறைப்பாடு ஒன்றே: உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. கடிகாரம் வைத்துக் கொஞ்ச நேரம் படிப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளும் முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன்பிறகு பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த முறை என்ன? யார் தொடங்கியது?

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 25 நிமிடம் வையுங்கள். மணி அடிக்கும்வரை அந்த ஒரு வேலை மட்டும். அடித்ததும் 5 நிமிடம் எழுந்துவிடுங்கள். இது ஒரு சுற்று. நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம்வரை நீண்ட ஓய்வு. அவ்வளவுதான்.

1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ இதைத் தமக்காக அமைத்துக்கொண்டார். படிப்பு ஓடாமல் தவித்த நாட்களில், சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவக் கடிகாரம் ஒன்றைத் திருகிவைத்து, அது அடிக்கும்வரையாவது ஒழுங்காகப் படிக்க முடிகிறதா என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர். முறைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முதல் தடவை அவர் தம்மிடம் கேட்டது 25 நிமிடம்கூட இல்லை, வெறும் 10 நிமிடம். "என்னால் 25 நிமிடம் முடியவில்லை" என்று கண்கலங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏன் 25 நிமிடம்? கூட்டிக் குறைக்கலாமா?

தாராளமாக. 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் கவனம் வெகுநேரம் ஒரே மட்டத்தில் நிற்காது என்பது சோதித்துப் பார்த்த உண்மை. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைத் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டியவர்கள், நேரம் போகப்போகத் திரையில் தெரிந்ததையே தவறவிட்டார்கள். இதை ஆராய்ந்தவர் பிரித்தானிய உளவியலாளர் நோர்மன் மக்வேர்த். கடிகாரம்போன்ற வட்டில் நகரும் ஒரு முள்ளை இரண்டு மணி நேரம் பார்த்திருக்கச் சொன்னார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும்போது தெரிவிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தவறவிடுவது கூடிவிட்டது. 1948இல் வெளியான அவருடைய முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன.

நம் முன்னோரின் நாழிகையும் 24 நிமிடம்தான். ஒரு நாளுக்கு 60 நாழிகை. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் இதைச் சொன்ன நாளிலிருந்து வகுப்பில் சிலர் "இன்றைக்கு நான்கு நாழிகை படித்தேன்" என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது.

பாடத்தைப் பார்த்து அளவை மாற்றுங்கள். இணைந்த கணிதத்தில் ஒரு நீண்ட கணக்கு சூடுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகும். அதற்கு 40, 45 நிமிடம் வைக்கலாம். வரலாற்றில் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்கு 20 போதும். உயர் தரப் பௌதிகவியல் பல்தேர்வுத் தாளுக்கு 25 நிமிடம் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. 50 வினாக்களுக்கு 2 மணி நேரம் என்றால் ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஒரு சுற்றில் சரியாக 10 வினாக்கள், விடைத்தாளில் புள்ளடியிட ஒரு நிமிடம் மிச்சம். கடந்தகால வினாத்தாளைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்யும் பிள்ளைக்கு, பரீட்சை மண்டபத்தில் கடிகாரத்தைப் பார்க்காமலே நேரம் எவ்வளவு போயிருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

இடைவேளையில் என்ன செய்வது?

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 25 நிமிடத்தை எல்லோரும் மதிக்கிறார்கள். 5 நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. சிலர் இடைவேளையே எடுக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். பலர் போனை எடுக்கிறார்கள்.

போன் ஏன் ஓய்வாகாது? 2009இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனம் முழுவதும் கூடவே வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. பழைய வேலை அரைகுறையாக நின்றிருந்தால் இது இன்னும் கூடுதல். ஐந்து நிமிடத்தில் பாதி பார்த்த ஒரு வீடியோ, பாதி படித்த ஒரு செய்தி, பதில் போடாத ஒரு குரல் பதிவு, இவையெல்லாம் அந்த வகைதான். புத்தகத்தைத் திறந்த பிறகும் அவை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

எழுந்து வெளியே வாருங்கள். கண் மருத்துவர்கள் திரை பார்ப்பவர்களுக்கு ஒரு வழி சொல்வார்கள்: 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 செக்கன் பாருங்கள் என்று. நகரத்தில் இருப்பவர்கள் அந்த 20 அடியைத் தேட வேண்டும். நமக்குக் கதவைத் திறந்தால் எதிர்மலை. எங்கள் வகுப்பறை வாசலில் நின்றால் பள்ளத்துக்கு அப்பால் ஒரு சவுக்கு மரம் தெரியும். மூடுபனி இறங்கும் மாலைகளில் முதலில் அதன் அடி மறையும், பிறகு இடுப்பு, பிறகு உச்சி மட்டும் தனியே மிதக்கும். பிள்ளைகளை அங்கே நிற்கவைத்து, "இன்றைக்கு மரம் எதுவரை தெரிகிறது?" என்று மட்டும் கேட்பேன். அவர்கள் சொல்லி முடிக்கும்போது தோள்கள் இறங்கியிருப்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முகம் கழுவலாம். ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரலாம். பிளேன்டீ போட்டுக் குடிக்கலாம், நான்கு சுற்றுக்கும் நான்கு கோப்பை வேண்டாம். தொடங்கினால் முடிக்க நேரமெடுக்கும் எதையும் தொடக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் சரி, ஒரு கூடைத் துணி துவைப்பது சரியில்லை.

5 நிமிடம் என்று எழுந்தால் 50 நிமிடம் ஆகிவிடுகிறதே?

இடைவேளைக்கும் கடிகாரம் வையுங்கள். இன்னொன்று: எழுவதற்கு முன் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். "7ஆம் கணக்கு, இரண்டாம் பகுதி, சமன்பாடு எழுதியாயிற்று, பிரதியிட வேண்டும்." இந்த வரி இருந்தால் திரும்பி வந்தவுடன் கை தானாகவே வேலையைத் தொடங்கும். அது இல்லாவிட்டால், எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே மனம் மறுபடியும் வெளியே போய்விடும்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். ஒரே காம்பரா, ஒரே அறை. தொலைக்காட்சி, தம்பி தங்கை, வந்துபோகிறவர்கள். இதில் எப்படி 25 நிமிடம் கிடைக்கும்?

இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் "அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று தொடங்குகிறார்கள். சாத்துவதற்கு ஓர் அறை இல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் காம்பராவில் ஆறு பேர். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பலகை போட்டுப் படித்தேன். பக்கத்து வீட்டுச் சண்டையும் ஆட்டுக்குட்டியும் அதே இஸ்தோப்பில்தான் இருந்தன. ஆகவே இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும்.

சுவர் இல்லாத இடத்தில் கடிகாரம்தான் சுவர். ஆனால் அந்தச் சுவர் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் பயனில்லை, வீட்டாருக்கும் தெரிய வேண்டும். "அம்மா, நான் படிக்கப்போகிறேன், யாரும் கூப்பிடாதீர்கள்" என்று சொன்னால் வீட்டில் ஒருவராலும் அதைக் காப்பாற்ற முடியாது. எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "அம்மா, மணி அடிக்கும்வரை மட்டும் கூப்பிடாதீர்கள், அடித்ததும் நானே வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். 25 நிமிடம் விட்டுக்கொடுப்பது யாருக்கும் பெரிய பாரம் இல்லை. மணி அடித்ததும் சொன்னபடி போய் நில்லுங்கள். நான்கு நாட்கள் நீங்கள் சொல் தவறாவிட்டால் ஐந்தாம் நாள் வீடே உங்களுக்குக் காவல் இருக்கும்.

என் மாணவி ஒருத்தியின் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடிகாரம் ஓடும்போது ஜன்னல் விளிம்பில் ஒரு செம்பைக் கவிழ்த்துவைப்பாள். இடைவேளையில் நிமிர்த்திவிடுவாள். கடிகாரம் பார்க்கத் தெரியாத அவளுடைய அம்மாயிக்கும் அந்தச் செம்பு புரிந்தது. ஒரு நாள் நான் ஏதோ கேட்க அந்த வீட்டுக்குப் போனபோது, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாயி, வாயில் விரலை வைத்து, செம்பைக் காட்டி, என்னையே பத்து நிமிடம் காக்கவைத்தார்.

வேறு வழியே இல்லாமல் யாராவது கூப்பிட்டால், சிரில்லோவின் முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது: இப்போது சுற்றில் இருக்கிறேன் என்று சொல்வது, சற்றுப் பிறகு வரலாமா என்று கேட்பது, எப்போது என்று குறித்துக்கொள்வது, குறித்தபடி திரும்பப் போவது. அவசரம் என்றால் எழுந்துவிடுங்கள். அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்குங்கள். அதில் தோல்வி என்று எதுவும் இல்லை.

வெளியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. என் மனம்தான் அலைகிறது.

பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள். "நாளைக்குப் பஸ் காசு கேட்க வேண்டும்", "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்" என்று எது வந்தாலும் இரண்டு சொல்லில் எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். எழுதிவிட்டால் மனம் அதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் வாரம் தாள் நிரம்பும். பரவாயில்லை, நிரம்பட்டும்.

25 நிமிடமும் அசையாமல் புத்தகத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை.

பார்ப்பது படிப்பாகாது. சுற்றின் கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடுங்கள். படித்ததைக் கொப்பியில் நினைவிலிருந்து எழுதுங்கள். ரோடிகர், கார்பிக்கே என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோதோ வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். அதனால்தான் வாசித்தவுடன் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பிப் பரீட்சைக்குப் போய் ஏமாந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

வேலையைச் சிறியதாக வெட்டுவதும் முக்கியம். "உயிரியல் படிப்பேன்" என்று உட்கார்ந்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதிலேயே பத்து நிமிடம் போகும். "சிறுநீரகத்தியின் (நெஃப்ரோனின்) படத்தை வரைந்து பெயரிடுவேன்" என்று உட்காருங்கள்.

என்னிடம் போன் இல்லை. / போன்தான் என் பிரச்சினையே.

இரண்டுக்கும் ஒரே பதில்: போன் தேவையில்லை. சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரம் போதும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, முடியும் நேரத்தைத் தாளில் எழுதிவைத்தாலும் போதும். போனில்தான் வைக்க வேண்டும் என்றால் இணையத்தை நிறுத்திவிட்டு, மணி கேட்கும் தூரத்தில், கை எட்டாத உயரத்தில் வையுங்கள். கடிகாரத்துக்கென்று விதவிதமான செயலிகளை இறக்கிப் பார்ப்பதில் ஒரு மாலை முழுவதையும் கழிக்காதீர்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில், பிள்ளைகள் மெழுகுதிரி வைத்துப் படித்தார்கள். ஒரு பையன் 25 நிமிடத்தில் திரி எவ்வளவு உருகுகிறது என்று பார்த்து, மெழுகுதிரியில் ஊசியால் கோடு போட்டுவைத்திருந்தான். கோடு வந்ததும் இடைவேளை.

காலையா, இரவா?

வீடு எப்போது அமைதியோ அப்போது. பெரும்பாலான தோட்ட வீடுகளில் அம்மா நான்கு, நான்கரை மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறார். ரொட்டி சுடும் அந்த நேரத்தில் அடுப்படியில் சூடும் வெளிச்சமும் இருக்கும், தொலைக்காட்சி இருக்காது. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, புறப்படும் அவசரம் தொடங்கும் முன் இரண்டு சுற்று முடித்துவிடலாம். ஆனால் நான்கு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். இரவு பன்னிரண்டுவரையும் விழித்து, காலை நான்குக்கும் எழுகிறவருக்கு எந்தக் கடிகாரமும் உதவாது.

குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிச்சட்டி வைத்துப் படிக்காதீர்கள். கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமலே உயிரை எடுக்கும். கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மணி அடிக்கும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டுமா?

சிரில்லோ நிறுத்தச் சொல்கிறார். முதல் இரண்டு வாரம் நானும் அதையே சொல்வேன். நிறுத்தப் பழகாதவருக்குத் தொடங்கவும் வராது. பழகிய பிறகு ஒரு கட்டுரையின் நடுவிலோ கணக்கின் கடைசிப் படியிலோ இருந்தால் முடித்துவிட்டு எழலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை சுற்று?

பாடசாலை 1.30க்கு விடுகிறது. பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து, சாப்பிட்டு முடிக்க மூன்றரை, நான்கு ஆகிவிடும். நான்கு சுற்றும் இடையில் மூன்று இடைவேளையும் சேர்ந்து 115 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. நாள் தவறாமல் அந்த நான்கு சுற்று நடந்தால் நான் மகிழ்வேன். விடுமுறை நாளில் எட்டு. பன்னிரண்டு என்று கணக்குக் காட்டும் பிள்ளையிடம் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

பரீட்சையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமே. 25 நிமிடத்துக்குப் பழகிவிட்டால்?

மிகச் சரியான கவலை. உயர் தரத்தில் இரண்டாம் பகுதித் தாள் மூன்று மணி நேரம். வாசிப்பதற்கு மேலதிகமாக 10 நிமிடம். நடுவில் இடைவேளை இல்லை. ஆகவே கடைசி இரண்டு மாதத்தில் சுற்றை நீட்டிக்கொண்டே போங்கள்: 25, 45, 60, 90. சனிக்கிழமைகளில் முழுத் தாளையும் ஒரே அமர்வில் எழுதுங்கள், அதே கதிரையில், தண்ணீர்ப் போத்தலுடன். சிறு சுற்றுகள் பாடத்தை உள்ளே ஏற்றுவதற்கு. நீண்ட அமர்வு உடம்பைப் பழக்குவதற்கு.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைக்கும் இது பொருந்துமா?

10 நிமிடம், கூடினால் 15. இடைவேளையில் ஓடி விளையாடட்டும். பத்து வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் கட்டிவைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன்: வேண்டாம்.

என் அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார். அவருக்கும் இந்த முறை உதவுமா?

ஒரு மாணவன் எழுந்து நின்று கேட்டது இது. உதவாது என்றுதான் சொன்னேன். இந்த முறை, தன் கடிகாரம் தன் கையில் இருப்பவருக்கு உரியது. கொழுந்து நிறுக்கும் நேரம், கிலோக் கணக்கு, கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற அரைநாள் சம்பளம், இவற்றில் எதையும் அவன் அம்மா தீர்மானிப்பதில்லை. நினைத்த நேரத்தில் ஐந்து நிமிடம் நிமிர்ந்து நிற்க அவரால் முடியாது. உடல் உழைப்புக்கும் இடையிடையே ஓய்வு வேண்டும். அதைத் தர வேண்டியது வேலை வாங்குகிறவர்களின் பொறுப்பு. அம்மா ஒரு கடிகாரம் வாங்குவதால் அது கிடைத்துவிடாது.

தலைமுறைகளாக நம்மைத் தப்பு மேளமும் கொம்பும் சங்கும் எழுப்பின. நேரம் என்பது மேலிருந்து வருவதாகவே இருந்தது. தன் 25 நிமிடத்தைத் தானே திருகிவைக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைவது இதனால்தான். அந்த மாணவனிடம் இன்னொன்றும் சொன்னேன்: அம்மா விறகுக்கட்டோடு படியேறி வரும் நேரத்தில் உன் சுற்று ஓடக் கூடாது. அந்த நேரத்தை இடைவேளையாக வை. ஓடிப்போய்க் கட்டை வாங்கு.

எல்லாம் செய்தும் என் பிள்ளையால் கவனிக்க முடியவில்லை.

அப்படியானால் கடிகாரத்தை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். காலையில் சாப்பிட்டுப் போகிறதா? எத்தனை மணி நேரம் தூங்குகிறது? கரும்பலகை தெரிகிறதா? சோம்பேறி என்று வீட்டிலும் பாடசாலையிலும் பெயர் வாங்கிய ஒரு சிறுவனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி போட்ட வாரமே அவன் முன் வரிசைக்கு வருவதை நிறுத்திவிட்டான், பின்னாலிருந்தே தெரிந்தது. பெண்பிள்ளைகள் எப்போதும் களைப்பாக இருந்தால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே கவனம் சிதறும் தன்மை உள்ள பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் வைத்தியர்களால் உதவ முடியும். பிள்ளையை அடிக்காதீர்கள்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாமா?

செய்யலாம், சில பிள்ளைகளுக்கு அதுதான் சரிவரும். பேச்சு இடைவேளையில் மட்டும் என்று முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இப்போது ஒன்பது பேர் கூடுகிறார்கள். ஒரே மேசை, ஒரே கடிகாரம். அதைத் திருகுவது முறைவைத்து. இந்த வாரம், அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஏழாம் தரச் சிறுமியின் முறை.